உச்சிக்குப் போய்வந்தவன்

மதுரையில் பிறந்து வளர்ந்த ஒருவன், யானைமலையில் தனக்கு யானை தெரியவில்லை என்று வெளியே சொல்ல முடியாது. சொன்னால் கண் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள், அல்லது திருநெல்வேலிக்காரனோ என்று சந்தேகப்படுவார்கள். மேலூர் சாலையில் பஸ் ஒத்தக்கடையை நெருங்கும்போது, ஜன்னலோரக் குழந்தைக்கு யாராவது ஒரு பெரியவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வருவார். “அந்தா பாரு தலை. அந்தா தும்பிக்கைய நீட்டியிருக்கு. கால மடக்கிப் படுத்துருக்கு பாரு.” குழந்தை “ஆமா, ஆமா” என்று குதிக்கும். எனக்கும் காட்டினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் புல் பூண்டு இல்லாத, கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்த ஒரு மொட்டைப் பாறை. ஆனாலும் தலையாட்டினேன். எங்கே ஒத்துக்கொண்டால் அடுத்த வேலையைப் பார்க்கலாமோ அங்கே தலையாட்டிவிடுவது என் பிறவிக்குணம்.

யானை பின்னால் தெரிந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் சாயங்கால வெயில் பாறையின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்து, மறுபக்கம் இருட்டாகக் கிடந்தபோது, திடுக்கென்று மத்தகமும் முதுகும் தும்பிக்கையும் தனித்தனியாக எழுந்து நின்றன. பஸ்ஸிலேயே “யானை!” என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய் ரோட்டைப் பார்த்தார்.

இதையாவது மன்னிக்கலாம். உச்சிக்குப் போன கதையை மன்னிக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களை யானைமலைக்குக் கூட்டிப்போனார்கள். அடிவாரத்தில் வாத்தியார், “வெறுங்காலோட ஏறுனாத்தான் வழுக்காது. செருப்பெல்லாம் இங்கேயே கெடக்கட்டும். யாராச்சும் ஒருத்தன் பார்த்துக்கணும்” என்றார். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே என் கை மேலே போயிருந்தது. பையன்கள் ஏறினார்கள். நான் ஒரு வேப்பமரத்தடியில் செருப்புக் குவியலுக்குக் காவல் இருந்தேன். நடந்தது இவ்வளவுதான்.

கல்லூரியில் இது “ஸ்கூல்ல எங்கள ஆனைமலைக்குக் கூட்டிப்போனாங்க” என்று ஆனது. அதில் பொய் இல்லை. ஆபீசில் “பாதி மலை ஏறியிருக்கேன்” என்று வளர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, மாமனார் வீட்டுத் திண்ணையில் எப்படியோ உச்சிக்கே போய்விட்டேன். அங்கே ஒரு சுனை இருந்தது. அதில் தண்ணீர் குடித்தேன். அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள் நான்கும் தெரிந்தன. மாமனார் “அப்படியா மாப்ள!” என்றார். சுனையைச் சேர்த்தது அந்த “மாப்ள”வுக்காகத்தான்.

அக்கா மகள் சென்னையில் நிலவியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், வந்த அன்றைக்கே, “மாமா, நீங்க ஏறின மலைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்தச் சுனையப் பார்க்கணும்” என்றாள். அவளுக்கு இந்தக் கதை ஏழெட்டு வயதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மலையேறிகள் கல்யாணமாகிக் குடும்பஸ்தர்களான பிறகு முழங்கால் வலியைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் முந்தின வாரம்தான், வேறு எதற்கோ, இந்த வயதிலும் எனக்கு முழங்கால் வலி என்பதே கிடையாது என்று பெருமையடித்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்றாள். “நம்ம ஊர் மலைதானம்மா, எங்க ஓடிப்போகப் போகுது” என்று சொல்லி, இட்லி, வடை, இரண்டாவது காப்பி எல்லாம் முடித்து, ஒத்தக்கடையைத் தாண்டி நரசிங்கம் ஊருக்குள் நுழையும்போது பத்து மணி. மொட்டைப் பாறைக்குப் பத்து மணிக்குப் போவதென்றால் என்ன என்பது எனக்குப் பதினொன்றுக்குப் புரிந்தது.

முதலில் நரசிங்கப் பெருமாள் கோயில். இங்கே எனக்குப் பயம் இல்லை, சமதளம். மலையின் அடிவயிற்றைக் குடைந்து எடுத்த கோயில் அது. உள்ளே யோக நரசிம்மர் பெரிய உருவமாக உட்கார்ந்திருக்கிறார். மலையையே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக விமானம் எதற்கு? நான் தொண்டையைச் செருமி, “இது பாண்டிய ராஜா கட்டினது” என்றேன். பாண்டிய ராஜா என்று சொல்லிவிட்டால் மதுரையில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

அவள் வருவதற்கு முன்பே படித்துவிட்டு வந்திருந்தாள். கட்டியது ராஜா இல்லையாம், மந்திரியாம். பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி. கரவந்தபுரத்து வைத்தியர் குலத்தவர். மதுரகவி என்ற பெயரும் அவருக்கு உண்டு. கலியுகம் 3871ஆம் ஆண்டு, நம் கணக்கில் கி.பி. 770. கோயில் முழுமையாகி நீர் தெளிக்கும் முன்பே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் அந்த மந்திரிப் பதவிக்கு வந்து, முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்கை முடித்திருக்கிறார். இவ்வளவும் கல்வெட்டிலேயே இருக்கிறது; வடமொழியில் கிரந்த எழுத்தில் ஒன்று, தமிழில் வட்டெழுத்தில் ஒன்று. அண்ணன் ஆரம்பித்ததைத் தம்பி முடித்து, அண்ணன் பெயரையும் மறக்காமல் வெட்டிவைத்த இடம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் இத்தனை வருஷம் “பாண்டிய ராஜா” என்று ஒரே போடாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மாறன் எயினன் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

விட்டதைப் பிடிக்கலாம் என்று, வட்டெழுத்து வரிகளின் மேல் விரலை ஓட்டிப் படிப்பது போல முணுமுணுத்தேன். வட்டெழுத்தில் எனக்குத் தெரிந்தது அது வட்டமாக இருக்கும் என்பது மட்டும்.

“மாமா, நீங்க வலது பக்கத்துல இருந்து படிக்கிறீங்க.”

“முடிவு எப்படி இருக்குன்னு மொதல்ல பார்க்கிறேன்” என்றேன். துப்பறியும் நாவல் படிப்பவர்கள் செய்வதுதானே!

வெளியே வந்ததும் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். பாறையைத் தட்டி, “கிரானைட். உலகத்தரம்” என்றேன். அவள் குனிந்து, ஒரு புதிய உடைப்பில் தெரிந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகளை விரலால் காட்டி, “நைஸ் மாமா” என்றாள். என் பதிலைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நைஸ் என்பது ஒரு வகைப் பாறையாம். பழைய பாறை பூமிக்குள் வெகு ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, உள்ளே இருக்கும் கனிமங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து அடுக்கப்பட்டால் அது நைஸ். கட்டடக்காரர்கள் எல்லாவற்றையும் கிரானைட் என்றே விற்பதால் என்னைப் போன்றவர்கள் அப்படியே வாங்கிக்கொள்கிறோம்.

“அப்ப இந்த முதுகு எப்படி இவ்வளவு வழவழன்னு வளைஞ்சிருக்கு? மழையும் காத்தும் தேய்ச்சதுதானே?” என்றேன். இதிலாவது பாதி மார்க் கிடைக்கும் என்று ஆசை.

மழைக்கும் காற்றுக்கும் பங்கு உண்டு என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டாள். ஆனால் முக்கியமான வேலையைச் செய்தது உள்ளே இருந்த அழுத்தம்தானாம். மேலே கிடந்த பாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போகப் போக, ஆழத்தில் இறுகிக் கிடந்த பாறை இறுக்கம் தளர்ந்து விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விட்டு, வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிகிறது. மூலைகள் முதலில் கழன்று விழுவதால் மிஞ்சுவது வளைவு. நாங்கள் நின்ற இடத்திலேயே, ஒரு கை கனத்தில் ஒரு பாறைத் தகடு கீழ்ப்பாறையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நின்றது. தட்டினால் உள்ளே காலியிடம் இருக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே நான் அதை அளவுக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பாறைக்கு வயது ஐம்பது கோடி ஆண்டுக்கு மேல் என்றாள். “யானைங்கற இனமே உலகத்துல அப்ப கிடையாது மாமா.” பெயருக்கு முன்னால் பிறந்துவிட்ட பிள்ளை!

திருவிளையாடல் புராணம் வேறு கணக்குச் சொல்கிறது. மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஒரு மாய யானையை அனுப்ப, சோமசுந்தரர் அட்டாலை மண்டபத்தில் வில்லோடு நின்று நரசிங்க அம்பை எய்தார். யானை விழுந்து மலையானது. யானை எய்த படலம். இதே வரிசையில் நாகம் விழுந்து நாகமலை, பசு விழுந்து பசுமலை. ஊரைச் சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் ஒரே வழக்கில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. நானே எத்தனையோ பேருக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதையில் தோற்றுப்போனவர்கள் இந்த மலையிலேயே வாழ்ந்து, தவமிருந்து, செதுக்கியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை அந்தச் சமயங்களில் நான் சொல்வதில்லை. சொன்னால் கதையின் வேகம் குறையும்.

அந்தச் சிற்பங்கள் சரிவில் ஒரு பெரும்பாறையின் நெற்றியில் வரிசையாக இருக்கின்றன. மழைநீர் சிற்பத்தின் மேல் வழிந்துவிடாதபடி பாறை முன்னால் கவிந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சுதையும் வண்ணமும் ஆயிரம் வருஷம் கழித்தும் முழுக்கப் போகவில்லை. ஆங்காங்கே ஒரு சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே வட்டெழுத்தில் பெயர்கள். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயரும் அதில் ஒன்று. மதுரையைச் சுற்றிய மற்ற குன்றுகளிலும் அவர் பெயர் இருக்கிறது. எத்தனை மலை ஏறியிருப்பார் மனிதர்! ஏறியதற்கு அத்தாட்சியும் வைத்திருக்கிறார்.

அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு குடும்பம் வந்தது. கணவர் என் வெள்ளை மீசையைப் பார்த்து, “இதெல்லாம் என்னங்கய்யா?” என்று மரியாதையாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்டால் என் வாய் நிற்காது. “புத்தர்” என்றேன். “இதுவும் புத்தர். இது தலைக்கு மேல பாம்பு குடை பிடிக்கிற புத்தர்.”

ஆடு மேய்ப்பவர்களோடு வந்திருந்த ஒரு சின்னப் பையன், டவுசரை இழுத்துவிட்டுக்கொண்டு, “புத்தர் இல்ல சார், சமணர். பாம்பு இருந்தா பார்சுவநாதர். அங்குட்டு நிக்கிறாருல்ல, கால்ல கொடி சுத்தியிருக்கு, அவரு பாகுபலி” என்றான். சினிமா வந்ததால் தெரிந்துவைத்திருக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். பார்சுவநாதர் பெயரில் எனக்குத் தெரிந்து படம் எதுவும் வரவில்லை. அந்தக் குடும்பம் என்னை விட்டுவிட்டுப் பையனைச் சூழ்ந்துகொண்டது. மருமகள் வானத்தில் எதையோ மும்முரமாகப் பார்த்தாள்.

கற்படுக்கைகள் இன்னும் மேலே. அங்கேதான் தமிழி எழுத்தில் வெட்டிய, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழைய வரி இருக்கிறது. அதிலேயே இந்த மலைக்கு யானைக்குன்று என்ற பொருளில்தான் பெயர். அப்படியானால் அந்தக் காலத்திலும் யாராவது ஒரு தகப்பன் கையை நீட்டிக் காட்டியிருக்க வேண்டும், ஒரு பிள்ளை தெரியாமலே தலையாட்டியிருக்க வேண்டும். என் வம்சம் பழையதுதான்.

சரிவு பார்வைக்கு ஒன்றுமில்லை. கீழிருந்து பார்த்தால் நடந்தே போய்விடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாறையில் பிடித்துக்கொள்ள ஒரு செடி கிடையாது, முட்டுக்கொடுக்க ஒரு கல் கிடையாது. இதற்கென்றே வாங்கிய புது ஷூ அடிக்கடி கீழ்நோக்கி ஓர் அபிப்பிராயம் சொல்லியது. பத்தடி ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. நரசிங்கத்து வீடுகள், தென்னைகள், அதற்கப்பால் விவசாயக் கல்லூரியின் பச்சை வயல்கள், எல்லாமே என்னை நோக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மெதுவாக உட்கார்ந்தேன். உட்கார்ந்த பாறை தோசைக்கல். எழுந்தேன். எழுந்தால் தலை சுற்றியது. மறுபடி உட்கார்ந்தேன், குடையை அடியில் போட்டுக்கொண்டு. வெயிலுக்கு எடுத்துவந்த குடை அதுதான்.

“மாமா, சுனை எந்தப் பக்கம்?”

“நான் ஏறின காலத்துல இருந்துச்சு” என்றேன். “இப்ப தூர்ந்திருக்கும்.”

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தாள். “வெறுங்கால்ல போனா நல்லாப் பிடிக்குதாம், இந்தத் தம்பி சொல்றான். நீங்க இதப் பார்த்துக்கோங்க மாமா.” பையன் முன்னால் ஓட, அவள் பின்னால் ஏறினாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அதே உத்தியோகம்தான். ஒரு ஜோடிதான் என்பதால் வேலைப்பளு குறைவு.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கையில் தொரட்டிக் கம்பு, காலில் ஒன்றுமில்லை. ஆடுகளுக்குப் பின்னால் அந்தச் சரிவில் குறுக்காக, வீட்டு முற்றத்தில் நடப்பது போல நடந்து வந்து, “என்ன சார், இப்படி நட்டநடுப் பாறையில உக்காந்துட்டீக? தண்ணி வேணுமா?” என்றார். என் தண்ணீரை நான் கோயில் வாசலிலேயே தீர்த்துவிட்டிருந்தேன். அவர் கொடுத்த பாட்டிலை வாங்கிக் குடித்தேன். குடித்த தெம்பில் பேச்சு வந்தது. பேச்சு வந்தால் எனக்குப் பெருமையும் வரும்.

இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். 2010இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் ஒரு யோசனை வந்தது. மேலூர் வட்டாரத்தில் குன்றுகள் பலகை பலகையாக அறுபட்டு லாரி ஏறிக்கொண்டிருந்த காலம். உளி வைத்தால் யானையும் மிஞ்சாது, கோயிலும் மிஞ்சாது என்று நரசிங்கம் ஊர்க்காரர்களும் சுற்றுப்பட்டு மக்களும் எதிர்த்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இந்தக் குன்றுகளைத் தேடி மாதாமாதம் ஆட்களைக் கூட்டிப்போகும் ‘பசுமை நடை’யும் அந்தச் சமயத்தில் இந்த மலையிலிருந்து முளைத்ததுதான். அவர்களோடு நடக்க நானும் ஒருமுறை அலாரம் வைத்தேன். அலாரம் அதன் வேலையைச் செய்தது. மறுநாள் ஆபீசில், நடை பிரமாதம் என்றேன். முடிவில் என்ன டிபன் போட்டார்கள் என்று ஒருவர் கேட்டார்; பொங்கல் என்றேன். அவரும் போயிருந்தாராம். பொங்கல் இல்லையாம்.

போராட்டத்தின்போது நான் செய்த தொண்டு, டீக்கடையில் இரண்டு வேளையும் கடுமையாகக் கோபப்பட்டது. அந்தக் கோபம் வருஷங்கள் போகப் போக “நாங்க” என்று ஆகிவிட்டது. “நாங்க நின்னு காப்பாத்தின மலை” என்று வெளியூர்க்காரர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பழக்கதோஷம், அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு நாங்கள்லாம் நிக்கலேன்னா இந்த மலை இன்னைக்கு இருக்குமா ஆத்தா?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்களும் வந்திருந்தீகளா! நாங்க பொம்பளையாளுக பூராம் வந்தோம்ல. சமையலக்கூடப் பார்க்காம கெடந்தோம். நீங்க எந்தப் பக்கம் சார் நின்னீக? எந்த ஊரு ஆளுகளோட வந்தீக?”

கிண்டல் துளியும் இல்லாத கேள்வி. ஒரு கல்யாண வீட்டில் ஒன்றாகப் பரிமாறியவரை அடையாளம் கண்டுகொள்ளும் ஆசையோடு கேட்டார். மற்ற பொய்களுக்கெல்லாம் உடனடியாக ஒரு பதில் வைத்திருப்பவன் நான். இதற்கு வாய் வரவில்லை. “நான்… கொஞ்சம் பின்னாடி நின்னேன்” என்றேன்.

“பின்னாடின்னா?”

“தல்லாகுளம்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தல்லாகுளம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. “சரி, அதுக்கென்ன” என்றார். ஆட்டை ஒரு அதட்டுப் போட்டார். அந்த “அதுக்கென்ன”வில் நான் கேட்ட எந்தத் திட்டிலும் இல்லாத ஒன்று இருந்தது. உட்கார்ந்த இடம் சுட்டது.

அரை மணி நேரத்தில் மருமகள் இறங்கி வந்தாள். கற்படுக்கை, எழுத்து, எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருந்தாள். மேலே தண்ணீர் தேங்கிய பள்ளங்களும் இருந்தனவாம். “பாருங்க மாமா, சுனை!” என்று காட்டினாள். நான் கற்பனையாகச் சேர்த்த சுனை என்னைக் கேட்காமலே நிஜமாக அங்கே இருந்திருக்கிறது. கோபுரம் தெரிந்ததா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். நின்றுகொண்டு இறங்க நான் செய்த முயற்சிகளைப் பார்த்துப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த அம்மாதான், “உக்காந்தே எறங்குங்க சார். மானம் ஒண்ணும் போயிராது. நெளுவு நெளுவா வாங்க” என்று கம்பின் ஒரு முனையை நீட்டினார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, அங்குலம் அங்குலமாக, யானையின் விலாவை என் பேன்ட்டால் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். கீழே வந்ததும் அந்த அம்மாவுக்குப் பணம் எடுத்து நீட்டினேன். “தண்ணிக்கா சார் காசு?” என்று கேட்டுவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும், “என்ன, உச்சிக்குப் போனீங்களா?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள். “போனோம் அத்தை. மாமா செமையா ஏறினாரு.” என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரத்தம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். “முன்பக்கம் சரி. ஏறுனவருக்குப் பின்பக்கம் எப்படிக் கிழிஞ்சது?”

பேன்ட்டைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். டெய்லரும் இதையேதான் கேட்டார். ஆபீஸ் நாற்காலியில் ஆணி என்று சொல்லியிருக்கிறேன்.